பல்கலைக்கழகத்தை மூடுலுக்கு மாற்றுவது எப்படி: முதல்முறை பொறுப்பேற்பவர்களுக்கு

நீங்கள் பல்கலைக்கழகத்திலோ தன்னாட்சிக் கல்லூரியிலோ கணினி மையத்தில் இருக்கிறீர்கள், அல்லது கணினி நன்றாக வரும் என்று பெயரெடுத்த உதவிப் பேராசிரியர். “அடுத்த செமஸ்டர்லேர்ந்து எல்லாப் பாடமும் மூடுல்ல நடக்கணும், நீங்க பார்த்துக்கோங்க” என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். மூடுல் (Moodle) என்பது பாடக்குறிப்பு, ஒப்படைப்பு, தேர்வு, மார்க் எல்லாவற்றையும் இணையத்தில் நடத்த உதவும் மென்பொருள். எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நிற்பவருக்காக இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டுக் கல்லூரிச் சூழலை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். கூகுள் கிளாஸ்ரூமிலிருந்து வருபவர்களும் உண்டு, பழைய மூடுலிலிருந்து புதிய மூடுலுக்கு வருபவர்களும் உண்டு. இரண்டும் கலந்து கிடக்கும் கல்லூரிகளே அதிகம்.

மூடுலை நிறுவுவது இந்த வேலையில் சின்னப் பங்குதான். விவரம் தெரிந்தவர் ஒரு நாளில் நிறுவிவிடுவார். எந்தப் பாடம் வர வேண்டும், எது வர வேண்டாம், மார்க்குக்கு யார் பொறுப்பு, பழையதை எந்தத் தேதியில் பூட்டுவது என்ற கேள்விகள்தான் மாதக்கணக்கில் இழுக்கும். இவற்றுக்கு எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டு இறங்கினால் வேலை ஓடும். வாங்காமல் இறங்கினால், எவ்வளவு நல்ல சர்வர் வைத்திருந்தாலும் செமஸ்டர் நடுவில் சிக்கிக்கொள்வீர்கள்.

இந்த மாற்றத்துக்குப் பல கல்லூரிகளைத் தள்ளியதில் கூகுளுக்கும் பங்குண்டு. கல்வி நிறுவனங்களுக்கு அளவில்லாமல் கொடுத்துவந்த சேமிப்பு இடத்தை, மொத்த நிறுவனத்துக்கும் சேர்த்து 100 டிபி என்று சுருக்கப்போவதாக அது 2021-இல் அறிவித்தது. ஊரடங்குக் காலத்து வகுப்பு வீடியோக்களை எல்லாம் கூகுள் டிரைவில் குவித்து வைத்திருந்த பல்கலைக்கழகங்களுக்கு அப்போதுதான், நம் பாடங்கள் நம் கையில் இல்லை என்பது உறைத்தது. மூடுல் யாருக்கும் உரிமத்தொகை கட்டத் தேவையில்லாத திறந்த மூல மென்பொருள். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் கர்ட்டின் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்த மார்ட்டின் டூகியாமஸ் எழுதியது. முதல் பதிப்பு 2002-இல் வந்தது. பாலைவனப் பகுதியில் வளர்ந்த அவர், சிறுவயதில் வானொலி வழியாகப் பாடம் கேட்டுப் படித்தவர். தொலைவிலிருந்து படிப்பவனின் சிரமம் தெரிந்தவர் எழுதிய மென்பொருள் என்பதில் எனக்கு ஒரு தனிப் பிரியம் உண்டு.

முதலில் கணக்கெடுப்பு

எதையும் நகர்த்துவதற்கு முன் என்ன இருக்கிறது என்று பட்டியல் போடுங்கள். துறைவாரியாக ஒரு தாள் போதும். பாடக் குறியீடு, நடத்துபவர், இப்போது எங்கே இருக்கிறது, வரும் பருவத்தில் நடக்கப்போகிறதா, அதில் ஆன்லைன் தேர்வு உண்டா. இவ்வளவுதான் கேட்க வேண்டும். இருபது கேள்வி உள்ள படிவத்தை அனுப்பினால் ஒருவரும் நிரப்ப மாட்டார்கள்.

கிளாஸ்ரூமில் இருப்பவர்களிடம் கூடுதலாக ஒன்று கேளுங்கள்: கோப்புகள் யாருடைய டிரைவில் இருக்கின்றன? ஆசிரியர் வகுப்பில் போட்ட பாடக்குறிப்பு அவருடைய கணக்கில்தான் இருக்கும். அவர் ஓய்வு பெற்று அல்லது வேறு கல்லூரிக்குப் போய், கணக்கை நிர்வாகம் நீக்கிவிட்டால் கோப்பும் போய்விடும். ஓய்வு பெறப்போகிறவர்கள், ஒப்பந்தம் முடியப்போகிற கௌரவ விரிவுரையாளர்கள் ஆகியோரின் பாடங்களைப் பட்டியலின் தலையில் வையுங்கள். மற்றவை காத்திருக்கலாம், அவை காத்திருக்காது.

பழைய மூடுல் இருந்தால் அதில் என்னென்ன பிளகின் (கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் துணை மென்பொருள்) போட்டிருக்கிறார்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். தனியாக நிறுவிய கேள்வி வகை ஏதாவது பழைய தளத்தில் இருந்து, புதியதில் இல்லாவிட்டால், அந்த வகைக் கேள்விகள் சரியாக வந்து சேராது. தேர்வு நாளில்தான் அது தெரியவரும்.

எதை விட்டுவிட்டுப் போவது

பெரும்பாலானோர் “எல்லாத்தையும் கொண்டுவந்துடலாம், அப்புறம் பார்த்துக்கலாம்” என்பார்கள். இதை ஏற்காதீர்கள். பல வருடம் ஓடிய தளத்தில் பாதிக்கு மேல் குப்பையாகத்தான் இருக்கும். பயிற்சிக்காகத் திறந்த காலி கோர்ஸ், ஒரே பாடத்தின் நாலு பிரதி, பழைய பாடத்திட்டத்துக் குறிப்புகள். அதை அப்படியே புதிய இடத்தில் கொட்டினால், முதல் நாளே ஆசிரியர் தேடியது கிடைக்காமல் “பழசே தேவலை” என்று சொல்லிவிடுவார்.

என் பரிந்துரை: வரும் இரண்டு பருவங்களில் நடக்கப்போகும் பாடங்கள் மட்டும் புதிய தளத்துக்கு வரட்டும். மற்றவை ஆவணமாகப் பழைய இடத்திலேயே படிக்க மட்டும் முடிகிற மாதிரி இருக்கட்டும். ஆசிரியர் எப்போது கேட்டாலும் அந்த ஒரு பாடத்தை மட்டும் எடுத்துத் தரலாம்.

ஆனால் விட்டுவிட்டுப் போவது வேறு, அழிப்பது வேறு. கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) அமைப்புக்குத் தன்னறிக்கை எழுதும்போது கடந்த 5 ஆண்டுத் தரவு கேட்பார்கள். ஆன்லைனில் பாடம் நடத்தினோம், ஒப்படைப்பு வாங்கினோம் என்பதற்கான சான்று அந்தப் பழைய தளத்தில்தான் கிடக்கிறது. உள்தர உறுதிக் குழு ஒருங்கிணைப்பாளரிடம் பேசாமல் எதையும் நீக்க வேண்டாம். அரியர் வைத்திருக்கும் மாணவர்களின் இன்டர்னல் மார்க்கும் அங்கேதான் இருக்கலாம்.

தேதி குறிப்பது

ஒற்றைப் பருவத்துக்கும் இரட்டைப் பருவத்துக்கும் நடுவே கிடைக்கும் இடைவெளி குறைவு. தேர்வுப் பணி, விடைத்தாள் திருத்தும் பணி என்று ஆசிரியர்கள் வெளியே போயிருப்பார்கள். மே, ஜூன்தான் வசதி. ஜனவரிக்குள் முடித்தே ஆக வேண்டும் என்று நெருக்கினால், இரண்டே துறையை மட்டும் ஜனவரியில் மாற்றிவிட்டு மீதியை ஜூனுக்குத் தள்ளுங்கள். இப்படிச் சிறிதாகத் தொடங்குவது தாமதம் என்று நினைக்க வேண்டாம். அந்த இரண்டு துறையில் வரும் சிக்கல்கள்தான் மீதித் துறைகளுக்கு வரப்போகும் சிக்கல்கள்.

பருவத் தொடக்கத்துக்கு ஒரு மாதம் முன்பே பாடங்கள் ஆசிரியர் கையில் இருக்க வேண்டும். முதல் இன்டர்னல் தேர்வு வாரத்தில் எந்த மாற்றமும் செய்யக் கூடாது. இந்த இரண்டு தேதிகளையும் குறித்து, முதல்வர் அல்லது பதிவாளர் கையெழுத்தோடு சுற்றறிக்கையாக வாங்கிவிடுங்கள்.

சர்வர்

எந்தப் பதிப்பு என்பதில் குழப்பம் வேண்டாம், நீண்டகால ஆதரவு உள்ளதை எடுங்கள். 2024 அக்டோபரில் வந்த 4.5 அப்படிப்பட்டது, பாதுகாப்புத் திருத்தங்கள் மூன்று ஆண்டுக்கு வரும். பழைய மூடுலை நேரடியாக 4.5-க்கு உயர்த்த அது குறைந்தது 4.1.2 ஆக இருக்க வேண்டும். அதற்கும் கீழே என்றால் படிப்படியாக ஏற வேண்டும். மிகப் பழைய பதிப்பாக இருந்தால் ஏறிக்கொண்டிருக்காமல், புதிய தளம் நிறுவி, வேண்டிய கோர்ஸ்களை மட்டும் பேக்கப் எடுத்து அங்கே ரீஸ்டோர் செய்வதே நல்லது.

எவ்வளவு பெரிய சர்வர் என்று கேட்பார்கள். ஒரு ஜிபி ராமுக்கு ஒரே நேரத்தில் 10 முதல் 20 பேர் என்பது மூடுல் ஆவணங்களில் நெடுங்காலமாக இருக்கும் தோராயக் கணக்கு. மொத்த மாணவர் எண்ணிக்கையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். ஒரே நேரத்தில் தேர்வு எழுதப்போகிறவர்கள் எத்தனை பேர் என்பதை வைத்துப் போடுங்கள்.

புதியவர்கள் கோட்டைவிடும் இடங்கள் சில உண்டு.

கிரான் (சர்வர் குறித்த இடைவெளியில் தானாகச் செய்யும் பின்னணி வேலை) ஒவ்வொரு நிமிடமும் ஓட வேண்டும். அது நின்றால் தளம் பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மின்னஞ்சல் போகாது, அறிவிப்பு வராது, நேரம் முடிந்த தேர்வுகள் தானாகச் சமர்ப்பிக்கப்படாது.

கோப்பு அளவு வரம்பு அடுத்தது. மூடுல் இயங்கும் நிரல்மொழியான பிஎச்பி (PHP) தன் இயல்பில் ஒரு கோப்புக்கு 2 எம்பி மட்டுமே அனுமதிக்கும். நம் மாணவர்கள் விடைத்தாளைக் கைபேசியில் படமெடுத்துத்தான் அனுப்புவார்கள். ஒரு படமே 2 எம்பியைத் தாண்டும். பிஎச்பி, மூடுல் நிர்வாகப் பக்கம், கோர்ஸ் அமைப்பு, அசைன்மென்ட் அமைப்பு என நான்கு இடத்திலும் வரம்பை உயர்த்த வேண்டும். ஒன்றை விட்டாலும் அந்தச் சிறிய வரம்புதான் செல்லும்.

பேக்கப் எடுக்கும்போது தரவுத்தளமும், ஏற்றிய கோப்புகள் இருக்கும் மூடுல்டேட்டா கோப்புறையும் சேர்ந்தே எடுக்கப்பட வேண்டும். மூடுல் தன் கோப்புகளை அவற்றின் பெயரில் சேமிப்பதில்லை. உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட நீண்ட எண்ணெழுத்துக் குறியீட்டின் பெயரில் வைக்கும். எது ‘யூனிட் 3 குறிப்பு’ என்பது தரவுத்தளத்துக்கு மட்டுமே தெரியும். ஒன்று இருந்து மற்றொன்று இல்லையென்றால் இருப்பதும் பயன்படாது. பேக்கப் எடுத்தபின் வேறொரு கணினியில் ஒருமுறை மீட்டுப் பாருங்கள். மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நம்பக் கூடாது.

சோதனைக்காகத் தளத்தின் நகல் ஒன்று வைத்திருப்பீர்கள் அல்லவா, அதில் மின்னஞ்சல் அனுப்புவதை முதல் வேலையாக முடக்குங்கள். கான்ஃபிக் கோப்பில் ‘நோஈமெயில்எவர்’ (noemailever) என்ற ஒரு வரி போதும். இல்லாவிட்டால் நீங்கள் சோதனையாகப் போடும் “நாளை தேர்வு” அறிவிப்பு ஆயிரக்கணக்கான மாணவர்களுக்கு உண்மையாகவே போய்ச் சேரும்.

பெயர்ப் பட்டியல்

இதற்கு நேரம் ஒதுக்குங்கள். பின்னால் வரும் தலைவலிகளில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது.

மாணவர்களை மூடுலில் ஏற்ற ஒரு சிஎஸ்வி கோப்பு (பத்திகளைக் காற்புள்ளியால் பிரித்த எளிய பட்டியல்) போதும். பயனர்பெயர், முதல் பெயர், கடைசிப் பெயர், மின்னஞ்சல் ஆகிய நான்கு பத்திகள் கட்டாயம். அலுவலகத்திலிருந்து எக்செல் கோப்பு வரும். அதைத் திறந்து சிஎஸ்வியாகச் சேமித்தால் ஆயிற்று என்று தோன்றும். ஆனால் 12 இலக்கப் பதிவெண் இருந்தால் எக்செல் அதைப் பெரிய எண்ணாக நினைத்து, 8.12 பெருக்கல் பத்தின் அடுக்கு 11 என்கிற மாதிரி சுருக்கிவிடும். சேமிக்கும்போது அந்தச் சுருக்கம்தான் கோப்பில் போகும். ஒரு வகுப்பில் அறுபது பேருக்கும் ஒரே பயனர்பெயர்! பதிவெண் பத்தியை முதலிலேயே எழுத்து வகையாக மாற்றிவிட்டு, அதற்குப் பிறகு எண்களை ஒட்டுங்கள். முன்னால் சுழியம் வரும் எண்களுக்கும் இதே மருந்துதான். சேமிக்கும்போது யூடிஎஃப்-8 சிஎஸ்வி என்பதைத் தேர்ந்தெடுங்கள். வெறும் சிஎஸ்வியாகச் சேமித்தால் தமிழில் எழுதிய பெயர்கள் எல்லாம் கேள்விக்குறிகளாகிவிடும். பதிவெண்ணில் ஆங்கில எழுத்துகள் இருந்தால் பயனர்பெயரில் அவை சிறிய எழுத்தாகவே இருக்க வேண்டும், மூடுல் பெரிய எழுத்தை ஏற்காது.

அடுத்து இனிஷியல். நமக்குக் குடும்பப் பெயர் வழக்கம் இல்லை, மூடுலோ கடைசிப் பெயர் இல்லாமல் விடாது. சிலர் அந்த இடத்தில் ஒரு புள்ளி வைப்பார்கள், சிலர் அப்பா பெயரை முழுதாகப் போடுவார்கள், சிலர் பெயரையே இரண்டு முறை எழுதுவார்கள். துறைக்கொரு வழக்கம் வந்தால் பட்டியல் சீர்குலைந்துவிடும். முதல் பெயரில் பெயர், கடைசிப் பெயரில் இனிஷியல் என்று ஒரே விதி வையுங்கள். நிர்வாக அமைப்பில் முழுப்பெயர் எந்த வரிசையில் தெரிய வேண்டும் என்று ஓர் இடம் உண்டு. அங்கே கடைசிப் பெயரை முன்னால் வைத்தால் ‘க. மீனா’ என்று நாம் எழுதுகிற மாதிரியே வரும். அடையாள எண் பத்தியிலும் பதிவெண்ணைப் போட்டு, மதிப்பெண் பக்கத்தில் அது தெரியும்படி அமைத்துவிட்டால், ஆசிரியர்கள் வருகைப் பதிவேட்டின் வரிசையிலேயே மார்க்கைப் பார்த்துக்கொள்ளலாம். இந்தச் சின்ன வசதிக்கே பலர் உங்களை வாழ்த்துவார்கள்.

கடவுச்சொல்லாகப் பிறந்த தேதியைக் கொடுக்கும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். வகுப்புத் தோழனின் பிறந்தநாள் தெரியாத மாணவன் யார்? எல்லோருக்கும் கல்லூரி மின்னஞ்சல் இருந்தால் அதைக்கொண்டே மூடுலுக்குள் நுழையும்படி இணைத்துவிடுங்கள். இல்லையென்றால் தனித்தனிக் கடவுச்சொல் கொடுத்து, முதல்முறை நுழையும்போதே மாற்றச் சொல்லிக் கட்டாயப்படுத்துங்கள்.

மாணவரை ஒவ்வொரு பாடத்திலும் கையால் சேர்க்க வேண்டியதில்லை. ‘இரண்டாம் ஆண்டு, இயற்பியல், அ பிரிவு’ என்று ஒரு கோஹார்ட் உருவாக்கி, அந்தக் குழுவைப் பாடத்தோடு இணைத்தால், குழுவில் யாரைச் சேர்த்தாலும் பாடத்தில் தானாக வந்துவிடுவார். லேட்டரல் என்ட்ரி மாணவர்கள் பிந்தி வரும்போது இதன் அருமை தெரியும்.

பாடங்களை நகர்த்துவது

கிளாஸ்ரூமிலிருந்து மூடுலுக்கு ஒரே சொடுக்கில் மாற்றும் வழி கிடையாது. இருக்கிறது என்று யாராவது மென்பொருள் விற்க வந்தால், உங்கள் பாடம் ஒன்றை அவர் கையில் கொடுத்து, கண்முன்னே செய்துகாட்டச் சொல்லுங்கள். நடைமுறையில், டிரைவில் இருக்கும் வகுப்புக் கோப்புறையை ஜிப்பாக இறக்கி, மூடுலில் ஃபோல்டர் ஒன்று திறந்து, அதில் ஏற்றி விரிப்பதுதான் வழி. கூகுள் ஆவணங்களுக்கு இணைப்பு மட்டும் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். அனுமதி மாறும், கணக்கு போகும், இணைப்பு செத்துப்போகும். முடிந்த குறிப்புகளைப் பிடிஎஃப் ஆக்கி ஏற்றுங்கள்.

பழைய மூடுலிலிருந்து வந்தால் வேலை எளிது. கோர்ஸைப் பேக்கப் எடுக்கும்போது பயனர் தரவைச் சேர்க்காமல் எடுங்கள். பாடம் மட்டும் வரும், பழைய மாணவர்களின் ஒப்படைப்பும் மன்றப் பேச்சும் வராது. பழைய பதிப்பின் பேக்கப் புதியதில் ஏறும். ஆனால் புதியதன் பேக்கப் பழையதில் ஏறும் என்று எதிர்பார்க்காதீர்கள். பிளாக்போர்டு, கேன்வாஸ் போன்ற வேறு பாட மென்பொருள்களிலிருந்து வருபவர்கள் காமன் கார்ட்ரிட்ஜ் என்ற பொது வடிவத்தில் ஏற்றுமதி செய்து பார்க்கலாம். பாடக்குறிப்புகள் வந்துவிடும், தேர்வுகளை மட்டும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டியிருக்கும்.

ஒரு கோர்ஸின் சுருக்கப்பெயர் தளத்தில் வேறெந்தக் கோர்ஸுக்கும் இருக்க முடியாது. பாடக் குறியீட்டை மட்டும் வைத்தால் அடுத்த ஆண்டே முட்டும். குறியீடு, ஆண்டு, ஒற்றையா இரட்டையா, பிரிவு என்று சேர்த்து ஒரு வடிவத்தை முதல் நாளே நிர்ணயித்துவிடுங்கள்.

வீடியோக்களைச் சர்வரில் ஏற்ற வேண்டாம். யூடியூபில் பட்டியலிடாத வீடியோவாகப் போட்டு இங்கே பதித்துவிடுங்கள். பெரிய பிடிஎஃப்களைச் சுருக்குங்கள். டேட்டா தீர்ந்துபோகும் என்று பார்த்துப் பார்த்துப் பாடத்தைத் திறக்கும் மாணவர்கள் நம் கல்லூரிகளில் நிறைய. 2020-இல் இலங்கையில் பல்கலைக்கழகங்களின் சர்வர்களுக்கு இணைய நிறுவனங்கள் கட்டணமில்லாமல் தொடர்பு கொடுத்தன. அப்படி ஓர் ஏற்பாடு இல்லாத இடத்தில், ஒவ்வொரு எம்பியும் மாணவர் வீட்டுப் பணம். மூடுல் கைபேசிச் செயலியில் பாடத்தை இறக்கி வைத்துக்கொண்டு இணையம் இல்லாமலும் படிக்கலாம். கல்லூரி வைஃபையில் இறக்கிக்கொள்ளும்படி மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

கேள்வி வங்கி

தமிழ்த் துறையிலும் வரலாற்றுத் துறையிலும் கேள்வித் தொகுப்புகள் வேர்டு கோப்பில் இருக்கும். திறந்தால் தமிழ் தெரியும். பிரதியெடுத்து மூடுலில் ஒட்டினால் புரியாத ஆங்கில எழுத்துக் குவியலாக மாறும். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்தது அது. தமிழ்நாடு அரசு 2010-இலேயே, எல்லாக் கணினியிலும் ஒரே மாதிரி படிக்க முடிகிற யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது, ஆனாலும் பழைய கோப்புகள் இன்னும் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன. எழுத்துரு மாற்றி கொண்டு முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றியபின் ஆசிரியரே ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, எண்கள், இடையில் வரும் ஆங்கிலச் சொற்கள், இந்த நான்கிலும்தான் பிழை ஒளிந்திருக்கும்.

யூனிகோடு ஆனதும், கேள்விகளை ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்ய வேண்டாம். கிஃப்ட் என்ற எளிய எழுத்து வடிவத்தை மூடுல் ஏற்கும். நோட்பேடில் இப்படி எழுதினால் போதும்:

::காவிரி:: காவிரி உற்பத்தியாகும் இடம் எது? {
=தலைக்காவிரி
~ஒகேனக்கல்
~மேட்டூர்
~கல்லணை
}

இரட்டை முக்காற்புள்ளிகளுக்குள் இருப்பது கேள்வியின் பெயர். சமக்குறி போட்டது சரியான விடை, அலைக்குறி போட்டவை தவறானவை. ஒவ்வொரு கேள்விக்கும் நடுவே ஒரு வரி காலியாக விட்டு, யூடிஎஃப்-8 ஆகச் சேமித்து, கேள்வி வங்கியில் இறக்குமதி செய்யுங்கள். முதலில் ஐந்து கேள்வியோடு சோதித்துப் பாருங்கள். கணிதச் சமன்பாடுகள் உள்ள கேள்விகளில் சமக்குறியும் நெளிவு அடைப்புக்குறியும் இந்த வடிவத்தோடு மோதும், அவற்றுக்கு முன்னால் பின்சாய்கோடு போட வேண்டும். படமுள்ள கேள்விகளை மூடுலிலேயே நேரடியாக உருவாக்குவது மேல்.

மார்க்

இங்கே அவசரப்படவே கூடாது. மாணவரின் இன்டர்னல் மார்க் தவறினால் அது ஒரு பிள்ளையின் வாழ்க்கையில் போய் விழுகிறது.

ஓர் எடுத்துக்காட்டு. பாடத்துக்கு இன்டர்னல் 40, நூறு மார்க்குக்கு இரண்டு தேர்வு, அவற்றின் சராசரியை நாற்பதுக்குச் சுருக்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாணவி முதல் தேர்வில் 80 வாங்கியிருக்கிறாள், இரண்டாவது தேர்வுக்கு வரவில்லை. நம் கணக்குப்படி சராசரி 40 விழுக்காடு, இன்டர்னல் 16. ஆனால் மூடுல் 32 என்று காட்டும். காலியாக உள்ள மதிப்பெண்ணைக் கணக்கில் எடுக்காதே என்ற அமைப்பு இயல்பாகவே அதில் இயங்கிக்கொண்டிருக்கிறது. பருவத்தின் நடுவில் அது நியாயம், இன்னும் நடக்காத தேர்வுக்குச் சுழியம் போட முடியாது அல்லவா? பருவ முடிவில் அந்த அமைப்பை அணைக்க வேண்டும், அல்லது வராதவர்களுக்கு ஆசிரியர் சுழியம் என்று கையால் இட வேண்டும். எது என்பதைத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகம் சொல்லட்டும், நீங்கள் முடிவெடுக்காதீர்கள்.

துறைக்கு ஒரு பாடத்தை எடுத்து, போன பருவத்து உண்மையான மார்க்குகளைச் சோதனைத் தளத்தில் ஏற்றுங்கள். மூடுல் காட்டும் மொத்தமும் தேர்வு அலுவலகத்துக்கு அப்போது போன மொத்தமும் ஒத்துப்போகிறதா என்று ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். நன்றாகப் படிப்பவர்களின் மார்க் எப்படியும் ஒத்துப்போகும். தேர்வுக்கு வராதவர், தாமதமாக ஒப்படைத்தவர், மறுதேர்வு எழுதியவர், இந்த மூன்று வகையினரின் வரிகளைத்தான் தேடிப் பார்க்க வேண்டும். ஒத்துவந்த அமைப்பை ஒரு மாதிரி கோர்ஸாகச் சேமித்து, அதிலிருந்தே அந்தத் துறையின் மற்ற பாடங்களை உருவாக்குங்கள்.

ஆசிரியர்கள்

அரங்கத்தில் இருநூறு பேரை உட்காரவைத்து புரொஜெக்டரில் காட்டும் பயிற்சியால் அதிகம் பயன் இல்லை. கணினி ஆய்வகத்தில் இருபது பேர், ஒவ்வொருவர் முன்னாலும் அவரவருடைய சொந்தப் பாடம் திறந்திருக்க வேண்டும். ஒரு குறிப்பை ஏற்றுவது, ஓர் அசைன்மென்ட் வைப்பது, அதற்கு மார்க் போடுவது. முதல் அமர்வுக்கு இந்த மூன்று போதும். எழுந்து போகும்போது அவர் பாடத்தில் ஏதாவது உண்மையாக முடிந்திருக்க வேண்டும்.

மூத்த பேராசிரியர் ஒருவர் “எனக்கு இதெல்லாம் எதுக்குப்பா” என்றால் அதை எதிர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முப்பது வருடம் பாடம் நடத்தியவர், மாணவர் முன்னால் தடுமாறிவிடுவோமோ என்று தயங்குவது இயல்பு. அவர் அறைக்கே போய், “ஐயா, உங்க பாடத்தை நான் ஏத்தித் தரேன், நீங்க சரியா இருக்கான்னு மட்டும் பாருங்க” என்று சொல்லிப் பாருங்கள். அவர் மூடுலைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டால் துறை முழுவதும் தானாக வரும்.

துறைக்கு ஒருவரை உதவியாளராக நியமியுங்கள், அந்த வேலைக்கு அவருடைய பணிச்சுமையில் இடம் கொடுக்கச் சொல்லித் துறைத்தலைவரிடம் கேளுங்கள். இதைச் சும்மா செய்யச் சொல்வது நியாயமில்லை. உதவி கேட்க ஒரு மின்னஞ்சல் முகவரியும் ஒரு தொலைபேசி எண்ணும் இருந்தால் போதும். வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தால், இரவு பதினொரு மணிக்கு வந்த கேள்வி காலை வாழ்த்துகளுக்கு அடியில் புதைந்துவிடும்.

மூடுலுக்குத் தமிழ் மொழித் தொகுப்பு உண்டு, நிர்வாகப் பக்கத்திலிருந்தே நிறுவலாம். எல்லாச் சொற்களும் மொழிபெயர்க்கப்படவில்லை, அங்கங்கே ஆங்கிலம் எட்டிப்பார்க்கும். அப்படியிருந்தும் நிறுவி வையுங்கள். தமிழ்வழியில் படித்து வந்த முதலாமாண்டு மாணவருக்கு அது பெரிய தைரியம்.

முதல் தேர்வு

தளம் திறந்த முதல் வாரம் பெரும்பாலும் கடவுச்சொல் மறந்தவர்களோடுதான் போகும், அதில் சொல்ல அதிகம் இல்லை. முதல் ஆன்லைன் தேர்வுதான் சோதனை. காலை பத்து மணிக்கு எல்லோரும் ஒரே நொடியில் பொத்தானை அழுத்துவார்கள், சர்வர் திணறும். துறைகளுக்குப் பத்து பதினைந்து நிமிட இடைவெளி கொடுங்கள். எல்லாக் கேள்வியையும் ஒரே பக்கத்தில் வைக்காமல் பக்கத்துக்கு ஐந்து என்று பிரியுங்கள். அதற்கு முந்தைய வாரம் மார்க் இல்லாத மாதிரித் தேர்வு ஒன்று கட்டாயம் வையுங்கள், மாணவர் பழகவும் ஆகும், சர்வரின் தாக்குப்பிடிக்கும் திறனும் தெரியும்.

கரண்ட் போகும். மாணவரின் விடைகளை மூடுல் இயல்பாக நிமிடத்துக்கொருமுறை தானே சேமித்துக்கொள்ளும், ஆகவே திரும்ப நுழைந்தால் எழுதியது இருக்கும். ஆனால் கடிகாரம் நிற்காது. அந்த ஒரு மாணவருக்கு மட்டும் நேரத்தை நீட்டித் தர தேர்வு அமைப்பில் வழி உண்டு. இதை ஒவ்வொரு ஆசிரியரும் முன்கூட்டியே ஒருமுறை செய்து பழகியிருக்க வேண்டும். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்குக் கூடுதல் நேரம் கொடுப்பதும் இதே வழியில்தான், அதைத் தேர்வுக்கு முந்தைய நாளே போட்டுவிடுங்கள், அவர்கள் வந்து கேட்கும்படி வைக்காதீர்கள்.

பழையதைப் பூட்டுவது

இரண்டு தளமும் ஒன்றாக ஓடினால் மாணவர் இங்கே ஒப்படைத்ததை ஆசிரியர் அங்கே தேடுவார். ஆகவே புதியது திறக்கும் அன்றே பழையதில் எழுதுவதை நிறுத்துங்கள், படிப்பதை நிறுத்த வேண்டாம். கிளாஸ்ரூமில் வகுப்பை ஆர்க்கைவ் செய்தால் யாரும் புதிதாக ஒப்படைக்க முடியாது, பார்க்க மட்டும் முடியும். பழைய மூடுலில் மாணவர் பங்கிலிருந்து ஒப்படைக்கும் உரிமையையும் தேர்வு எழுதும் உரிமையையும் எடுத்துவிடலாம். பழைய முகவரியைத் திறந்தால் புதிய முகவரியைச் சொல்லும் அறிவிப்பு முன்னால் தெரியட்டும்.

ஒரு கல்வியாண்டு அப்படியே இருக்கட்டும். அதற்குள் ஒவ்வொரு பாடத்தின் மார்க் பட்டியலையும் விரிதாளாகவும், துறைத்தலைவர் கையெழுத்திட்ட அச்சுப் பிரதியாகவும் எடுத்துத் தேர்வு அலுவலகத்தில் ஒப்படைத்துவிடுங்கள். தரவுத்தளமும் மூடுல்டேட்டாவும் சேர்ந்த முழு பேக்கப் ஒன்றைக் கல்லூரியிலும் ஒன்றை வெளியிலும் வையுங்கள், அதை மீட்கத் தேவையான மூடுல் பதிப்பு எண், பிஎச்பி பதிப்பு எண், பிளகின் பட்டியல் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி அதோடு சேர்த்து வையுங்கள். தேர்வு அலுவலகம், உள்தர உறுதிக் குழு, நூலகம் ஆகிய மூவரிடமும் எழுத்தில் ஒப்புதல் வாங்கியபிறகு பழைய சர்வரை அணைக்கலாம்.